கேப்டன் பதில்கள்: முதலில் தகவல், பிறகுதான் கம்பெனி

சிங்கப்பூர் ஜலசந்தியில் நடக்கும் திருட்டுகளையும் செய்திகளில் ‘கடற்கொள்ளை’ என்கிறார்களே, சரியா?

பெரும்பாலும் தவறு. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் அது ஆயுதக் கொள்ளை. பிடிக்கும் உரிமை அந்தக் கரைநாட்டுக்கு மட்டுமே. அதைத் தாண்டி, ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலை ஆதாயத்துக்காகத் தாக்கினால்தான் 1982 கடல் சட்ட ஒப்பந்தப்படி கடற்கொள்ளை. அப்போது எந்த நாட்டுப் போர்க்கப்பலும் பிடிக்கலாம். சிங்கப்பூர் ஜலசந்தி குறுகலானது. துரத்தும் படகு அடுத்த நாட்டு எல்லைக்கோட்டில் நின்றாக வேண்டும். அதனால்தான் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004-இல் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. தாய்லாந்து பிறகு சேர்ந்தது. அப்படியும் 2023, 2024 இரண்டிலும் மலாக்கா, சிங்கப்பூர் ஜலசந்திகளில் ஆண்டுக்கு 60 சம்பவங்களுக்கு மேல்.

என் தம்பி அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறான். ஆபத்து உண்டா?

எந்தக் கடல், என்ன கப்பல், எவ்வளவு வேகம், சரக்கு ஏற்றியபின் தளம் தண்ணீரிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், எதையும் எழுதவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வது? 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் சோமாலியக் கொள்ளையர் ஏறியதாகப் பதிவு இல்லை. 12 நாட் வேகத்தில் ஊர்ந்துபோகும், தளம் தாழ்ந்த பல்க் கேரியர் (நிலக்கரி, தானியம் போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் கப்பல்) என்றால் கதை வேறு. தம்பியிடம் கேட்டு விவரத்தோடு எழுதுங்கள்.

கொள்ளையர் ஏறிய ‘லைலா நார்ஃபோக்’ சரக்குக் கப்பலின் மாலுமிகள் எப்படித் தப்பினார்கள்?

செய்தி அனுப்பினார்கள், சிடாடல் என்ற பாதுகாப்பு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். 2024 ஜனவரி 4 மாலை, ஆயுதத்தோடு ஐந்தாறு பேர் ஏறிவிட்டதாக அந்தக் கப்பலிலிருந்து வணிகக் கப்பல்களின் ஆபத்துத் தகவலைப் பெறும் பிரிட்டிஷ் கடற்படையின் யுகேஎம்டிஓ மையத்துக்குத் தகவல் போனது. உள்ளே இருந்த 21 பேரில் 15 பேர் இந்தியர். மறுநாள் காலையிலேயே நம் கடற்படை விமானம் தலைக்கு மேல் பறந்தது. பிற்பகலில் ஐஎன்எஸ் சென்னை போர்க்கப்பலிலிருந்து மார்கோஸ் என்ற கடற்படைக் கமாண்டோ வீரர்கள் ஏறித் தேடியபோது கொள்ளையர் ஒருவரும் இல்லை. எல்லாரும் சிடாடலில் இருந்ததால் வீரர்கள் துணிந்து ஏற முடிந்தது. ஒருவர் வெளியே சிக்கியிருந்தாலும் அவர் பிணைக்கைதி ஆகியிருப்பார், ஏறுவதற்கே யோசிக்க வேண்டி வந்திருக்கும்.

லைபீரியக் கொடியோடு ஓடிய கப்பல், பிரிட்டிஷ் மையம், இந்தியப் போர்க்கப்பல். இத்தனையும் நகர்ந்தது ஒரே ஒரு செய்தியால்.

அந்தச் செய்தியைத்தான் பல கம்பெனிகள் அனுப்பவிடுவதில்லை. இது என் நெடுநாள் ஆதங்கம். நான் கேப்டனாக இருந்தபோது நங்கூரத்தில் நின்ற கப்பலில் இரவு இரண்டு மணிக்கு நான்கு பேர் கத்தியோடு ஏறினார்கள். வாட்சில் (காவல் பணியில்) நின்ற பையனைக் கட்டிப்போட்டுவிட்டு எஞ்சின் உதிரிப் பாகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டால், “யாருக்கும் அடி இல்லையே கேப்டன்? ரிப்போர்ட் வேண்டாம், விசாரணை என்று இரண்டு நாள் நிறுத்திவிடுவார்கள்” என்றார்கள். நான் அனுப்பினேன். அந்தக் கம்பெனியில் எனக்கு அடுத்த காண்ட்ராக்ட் வரவில்லை. அதே இடத்தில் முந்தின வாரம் இரண்டு கப்பல்களில் ஏறியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வாய் திறந்திருந்தால் நான் வாட்சுக்கு இரண்டு ஆள் கூட்டியிருப்பேன், அந்தப் பையன் மணிக்கட்டில் கயிற்றுத் தழும்போடு வீட்டுக்குப் போயிருக்கமாட்டான்.

சிங்கப்பூரில் 2006 முதல், கடற்கொள்ளையைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ரீகேப் தகவல் மையம் இருக்கிறது. குருகிராமில் நம் கடற்படையின் தகவல் மையம் 2018 முதல் இருக்கிறது, அங்கே வெளிநாட்டுக் கடற்படை அதிகாரிகளும் கூடவே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். கப்பல்காரர்கள் மறைத்தால் அவர்கள் எதை வைத்து எச்சரிப்பார்கள்? கத்தியைக் காட்டி ஓடியவன் அடுத்த வாரம் இன்னொரு கப்பலில் ஏறுவான். முதலில் தகவல், பிறகுதான் கம்பெனி.

பாக் நீரிணையில் மீனவர்கள் கைதாவதும் இந்தக் கடற்கொள்ளைச் சட்டத்தில் வருமா?

வராது. அது 1974, 1976 எல்லை ஒப்பந்தங்களும் மீன்பிடி உரிமையும் சம்பந்தப்பட்டது.

பிடிபட்ட கொள்ளையரை யார் விசாரிப்பது?

பிடித்த நாடு விசாரிக்கலாம், உள்நாட்டுச் சட்டம் இருந்தால். 1999-இல் ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியரின் கப்பலை, அலுமினியக் கட்டிகளோடு இந்தோனேசியாவை விட்டுக் கிளம்பியதும் கடத்தினார்கள். 17 மாலுமிகளையும் மிதவையில் இறக்கிவிட்டார்கள். தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. பெயரை மாற்றி ஓட்டிய கப்பலை நம் கடலோரக் காவல்படையும் ஐஎன்எஸ் பிரஹாரும் மேற்குக் கரைக்கு அப்பால் மடக்கின. மும்பையில் 2003-இல் தண்டனை, 2005-இல் மேல்முறையீட்டில் விடுதலை. அப்போது கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சில் ‘ரூவன்’ கப்பலில் சரணடைந்த 35 கொள்ளையரை மும்பைக்குக் கொண்டுவந்தது அதன் பலத்தில்தான்.

ஆபத்தான கடலில் ஏஐஎஸ்ஸை (கப்பல் இருக்கும் இடத்தை மற்றவர்களுக்கு அறிவிக்கும் கருவியை) அணைக்கலாமா?

கேப்டன் தன் பொறுப்பில் அணைக்கலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் உதவிக்கு வரும் கடற்படைக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். அணைப்பதற்கு முன் யுகேஎம்டிஓவுக்குச் சொல்லிவிடுங்கள். முதலில் தகவல்.

மகன் பிணைக்கைதியானால் சம்பளம் நின்றுவிடும் என்கிறார் ஏஜென்ட். உண்மையா? (தூத்துக்குடியிலிருந்து ஒரு தாய்)

இல்லை அம்மா. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் திருத்தம் 2020 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. பிடிபட்டிருக்கும் காலத்தில் காண்ட்ராக்ட் முடிந்துபோனாலும், விடுதலையாகி ஊர் திரும்பும்வரை சம்பளம் ஓடும், வீட்டுக்கு அனுப்பும் பங்கும் நிற்கக்கூடாது. மகன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். ஏஜென்ட்டின் ஆர்பிஎஸ்எல் எண்ணை (மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் உரிம எண்ணை) கப்பல்துறை இயக்குநரகத்தின் இணையதளத்தில் இன்றே சரிபாருங்கள்.