தேநீர் வேறு, கேப்சூல் வேறு

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயது. எடை குறைய மூன்று மாதமாக கிரீன் டீ கேப்சூல் சாப்பிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியதல்ல, பார்மசியில் வாங்கியது, மலேசிய அரசின் பதிவு எண்ணான மால் எண்ணும் இருக்கிறது. ஒரு கேப்சூலில் கிரீன் டீ இலையில் இருக்கும் ஈஜிசிஜி என்ற பொருள் 400 மில்லிகிராம், கூடவே கார்சீனியா என்று போட்டிருக்கிறது. போன வாரம் ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்ற கல்லீரல் என்சைம் 118. நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். "இலைதானே, என்ன செய்யப்போகிறது?" என்கிறார் வீட்டுக்காரர். கீழாநெல்லி சாப்பிட்டால் சரியாகுமா? கிரீன் டீயையே விட்டுவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, கேப்சூலை இன்றோடு நிறுத்துங்கள். டப்பாவை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், டாக்டருக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதையேதான் என் அக்காவும் சொன்னார். ஜார்ஜ்டவுனில் 31 ஆண்டுகள் மருந்து முகப்பில் நின்றவள் நான். என் சொந்த அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் அப்படி ஒரு டப்பா இருந்தது எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கை அரிக்கிறது என்று இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார். சிறுநீர் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் போனது. வாசல் வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தபோதுதான் வெள்ளை விழி மஞ்சளித்திருந்தது தெரிந்தது. கிளினிக்கில் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பிரஷர் மாத்திரை மட்டும் என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் இலை மருந்தில்லை. நிறுத்திய பிறகு ரத்தக் கணக்கு பழைய நிலைக்கு வர இரண்டரை மாதம் ஆனது.

கப்பில் ஊற்றிக் குடிக்கும் கிரீன் டீயைப் பற்றிப் பயம் வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் இதை ஆராய்ந்தது. தேநீராகக் குடிப்பவர்கள் உடலில் சராசரியாக ஒரு நாளைக்கு 90 முதல் 300 மில்லிகிராம் ஈஜிசிஜி சேர்கிறது, அது பொதுவாகப் பாதுகாப்பானது. கேப்சூலாக 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போகும்போதுதான் கல்லீரல் என்சைம்கள் ஏறுவதைக் கண்டார்கள். உங்கள் இரண்டு கேப்சூலைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 800. அதிலும் வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். சிலருக்கு மட்டும் இப்படி ஆவதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. அதனால் பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கார்சீனியா என்பது மலையாளிகள் மீன் குழம்பில் போடும் கொடம்புளி. குழம்பில் போடும் அளவைப் பற்றிக் கவலையில்லை. சாறாக எடுத்து அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. சமையல் மஞ்சளில் செய்த கேப்சூலும் அப்படித்தான், மிளகுச் சத்து சேர்த்தவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். மால் எண் இருந்தால் அரசிடம் பதிவானது என்று அர்த்தம். உங்கள் கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

கீழாநெல்லி இப்போது வேண்டாம். என் பாட்டி அரைத்துக் கொடுத்து வளர்ந்தவள்தான் நானும், அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் கல்லீரல் புண்பட்டிருக்கும்போது இன்னொன்றை உள்ளே அனுப்பினால், எது கெடுத்தது, எது குணப்படுத்தியது என்று டாக்டரால் பிரித்துப் பார்க்க முடியாது.

கேப்சூல்தான் காரணம் என்று நான் இங்கிருந்து முடிவு கட்ட முடியாது. கொழுப்புக் கல்லீரலும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும்கூட ஏஎல்டியை ஏற்றும். அவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மறு பரிசோதனை எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஏஎல்டி இறங்கிவிட்டதே என்று அதே கேப்சூலை மறுபடி தொடவும் கூடாது. இரண்டாம் முறை இன்னும் வேகமாகத் தாக்கலாம்.

டப்பாவோடு பிரஷர், சர்க்கரை மாத்திரை, சத்து மாத்திரை, லேகியம் என்று வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அடுத்த ஏஎல்டி எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.