நான் நிறுத்திய பக்கம் மகனுக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 48. புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் ஒன்று வாங்கித் தந்தான். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவதால் கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் மனச்சோர்வு பற்றி ஒரு புத்தகம் வாங்கி, சில வரிகளை அடிக்கோடிட்டு வைத்தேன். இரண்டே நாளில் மகன் போன் செய்து, "ஏம்மா, உடம்பு சரியில்லையா? சொல்லவே இல்லையே" என்றான். அவன் போனில் அந்தப் புத்தகம் வந்திருக்கிறது. நான் நிறுத்திய பக்கத்திலேயே திறந்திருக்கிறது. அன்பாகத்தான் கேட்டான், ஆனாலும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் படிப்பதை யாரெல்லாம் பார்க்கிறார்கள்? ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் போதுமா?

பதில்: உங்கள் மகன் வேவு பார்க்கவில்லை. கிண்டிலைத் தன் அமேசான் கணக்கிலேயே பதிவு செய்து உங்களிடம் தந்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு கணக்கில் எத்தனை கருவி இருந்தாலும் அமேசானுக்கு அது ஒரே வாசகர். காலையில் பேருந்தில் போனில் படித்தவர் இரவு கிண்டிலை எடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் அல்லவா? அதற்காகக் கடைசியாகப் படித்த பக்கம், அடிக்கோடு, குறிப்பு எல்லாம் அமேசானின் சர்வருக்குப் போய், அங்கிருந்து மற்றக் கருவிகளுக்கு வருகின்றன. இந்த வசதிக்கு விஸ்பர்சிங்க் என்று பெயர். ஒருவரே இரண்டு கருவி வைத்திருந்தால் நல்ல வசதி. இரண்டு பேர் ஒரு கணக்கைப் பகிர்ந்துகொண்டால் இப்படித்தான் ஆகும்.

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் முதலில் வீட்டைக் கவனிக்கச் சொல்வேன். நம் வீடுகளில் ஒரே கணக்கை அப்பா, பிள்ளை, மருமகள் எல்லோரும் பயன்படுத்துகிறோம். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் மின்னஞ்சலில் தனியாக ஓர் அமேசான் கணக்கு தொடங்குவது. அப்புறம் கிண்டிலின் செட்டிங்ஸில் கணக்குப் பகுதிக்குப் போய் பதிவை நீக்கும் 'டீரிஜிஸ்டர்' கொடுத்துவிட்டு, புதுக் கணக்கில் பதிவு செய்யுங்கள். மகன் கணக்கில் வாங்கிய புத்தகங்கள் கருவியிலிருந்து போய்விடும். அது ஒரு நஷ்டம்தான். விஸ்பர்சிங்கை மட்டும் அணைத்துவைக்கலாமே என்று தோன்றலாம். அணைத்தால் பக்கம் ஒத்திசைவது நிற்கும். ஆனால் வாங்கிய புத்தகத்தின் பெயர் அந்தக் கணக்கின் பட்டியலில் அப்படியே தெரியும். தனிக் கணக்கு தொடங்கினாலும் பணம் போவது வீட்டில் வேறொருவர் வங்கிக் கணக்கிலிருந்து என்றால், குறுஞ்செய்தி அவர் போனுக்குத்தான் போகும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கருவியிலேயே மூன்று இடங்களைப் பாருங்கள். இப்போதைய கிண்டில்களில், மூடிவைத்த திரையில் நீங்கள் படிக்கும் புத்தகத்தின் அட்டைப்படம் தெரியும்படி ஒரு வசதி இருக்கிறது. மேஜையில் வைத்துவிட்டு காபி போடப் போனால், வருகிறவர் போகிறவர் எல்லோரும் அட்டையைப் பார்க்கலாம். 'டிவைஸ் ஆப்ஷன்ஸ்' என்ற பகுதியில் அதை அணைத்துவிடுங்கள். அதே பகுதியில் பாஸ்கோடும் வைக்கலாம். மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: அகராதியில் நீங்கள் பொருள் பார்த்த சொற்களை, அவை வந்த வாக்கியத்தோடு சேர்த்து 'வொகாபுலரி பில்டர்' என்ற பட்டியல் சேமித்துவைக்கும். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு நோயின் பெயருக்குப் பொருள் தேடியிருந்தால் அதுவும் அங்கே இருக்கும். அதையும் நிறுத்தலாம்.

சரி, நிறுவனத்துக்கு என்ன தெரியும்? நிறையவே தெரியும். அமேசானிடம் உங்களைப் பற்றிய தரவைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. அப்படி வாங்கியவர்களுக்கு வந்த கோப்புகளில், ஒவ்வொரு முறை புத்தகத்தைத் திறந்த நேரம், மூடிய நேரம், படித்த நேரம் மில்லிசெகண்ட் கணக்கில், பக்கம் புரட்டிய எண்ணிக்கை எல்லாம் இருந்தன. சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் நூல் வெளியிடும் நம் தமிழ் எழுத்தாளர்களைக் கேளுங்கள்: 2015 ஜூலையிலிருந்து அந்தத் திட்டத்தில் எழுத்தாளர்களுக்குப் பணம் வருவது வாசகர் படித்த பக்கக் கணக்கில்தான். எண்ணாமல் அந்தப் பணத்தைப் பிரித்துத் தர முடியாது.

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1827-இல் தொடங்கிய பழைய நூலகம். எந்த நூலகத்திலும் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்பது பதிவேட்டில் இருக்கும். ஆனால் எண்பதாம் பக்கத்தில் நீங்கள் அரை மணி நேரம் நின்றதும், இரவு இரண்டு மணிக்கு அதைத் திறந்ததும் அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது.

இது ஒரு நிறுவனத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2014-இல் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் 4 என்ற மென்பொருள், வாசகர் எந்தப் புத்தகத்தை, எந்தப் பக்கம் வரை படித்தார் என்ற விவரத்தை மறையாக்கம் செய்யாமல், அதாவது மற்றவர் படிக்க முடியாத குறியீடாக மாற்றாமல், அப்படியே இணையத்தில் அனுப்பியது கண்டுபிடிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அடுத்த பதிப்பில் மறையாக்கம் வந்தது.

ஏரோப்ளேன் மோட் போதுமா என்றால், நீங்கள் நினைக்கிற அளவுக்கு உதவாது. வைஃபை இல்லாதபோது கிண்டில் எதையும் அனுப்பாது, உண்மைதான். ஆனால் படித்த பக்கத்தையும் அடிக்கோட்டையும் தனக்குள் வைத்திருந்து, அடுத்த புத்தகம் வாங்க நீங்கள் வைஃபையைப் போட்டதும் அனுப்பிவிடும்.

யாருக்கும் தெரியாமல் படிக்க வேண்டிய புத்தகம் என்றால், அமேசானின் மின்னூல் கடைக்குப் போகாமல் படிப்பதுதான் வழி. மடிக்கணினியில் கேலிபர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். கோவிட் கோயல் என்ற இந்தியர் 2006-இல் தொடங்கியது. இபப் என்ற வடிவில் இருக்கும் மின்னூல் கோப்பை, கிண்டில் படிக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவுக்கு மாற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாகக் கிண்டிலில் ஏற்றும். மின்னஞ்சலில் அனுப்பி ஏற்றும் 'சென்ட் டு கிண்டில்' வழி வேண்டாம். அதில் கோப்பு அமேசானின் சர்வர் வழியாகத்தான் வரும். கேபிளில் ஏற்றி, அதைப் படிக்கும் காலம் முழுவதும் வைஃபையை மூடியே வைத்து, முடித்ததும் கோப்பை அழித்துவிட்டு அப்புறம் இணையத்துக்குப் போங்கள். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் கணக்கே தொடங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய மருத்துவப் புத்தகம் அங்கே கிடைக்காது. அதற்கு என் யோசனை, காசு கொடுத்துக் காகிதப் புத்தகமாக வாங்கிவிடுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

"மறைக்க ஒன்றுமில்லை என்றால் என்ன பயம்?" என்று சிலர் கேட்பார்கள். 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் இருந்தபோது, யார் அவரைப் பார்க்க வருகிறார்கள், என்ன கடிதம் வருகிறது என்று பிரிட்டிஷ் ஒற்றர்கள் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் எல்லையைத் தாண்டியதும் கைதாகி இருந்தது உங்கள் கடலூர்ச் சிறையில்தான். உங்கள் விஷயம் அரசியல் இல்லை. ஆனாலும், யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால், தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கும் ஒரு பெண் அந்தப் புத்தகத்தைத் தொடாமலே விட்டுவிடுவார். எனக்கு அதுதான் வருத்தம். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கணக்கை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் அடிக்கோடிட்ட வரிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே புத்தகத்தைப் புதுக் கணக்கில் திரும்ப வாங்கினாலும் பழைய அடிக்கோடுகள் கூட வராது.