அட்டை வரும் வரை வாய்ப்புண் காத்திருக்காது

கேள்வி: என் அம்மாவுக்கு 48 வயது. பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார். வெற்றிலை பாக்கு போடுவார், புகையிலை சேர்ப்பதில்லை. இடது கன்னத்தின் உள்ளே வந்த புண் 2 மாதமாக ஆறவில்லை, வலியும் இல்லை. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்கள் ஊரில். எங்களிடம் அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை. 8,000 ரூபாய் கொடுத்தால் ஒரு மாதத்தில் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அட்டை வந்த பிறகு போகலாமா?

பதில்: தம்பி, அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அம்மாவை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். திசுப் பரிசோதனைக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. 3 வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. வலி இல்லை என்பதில் ஆறுதல் கொள்ளாதீர்கள். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, அதனால்தான் வேலைக்குப் போகும் பெண்கள் அதைப் பொருட்படுத்தாமல் மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே உறுதி செய்துவிட்டது.

மரத்துப் போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் மிளகளவு சதை எடுப்பார்கள். அதனால் நோய் பரவாது. கத்தி பட்டுப் பரவியதாகச் சொல்லப்படுகிறவர்களிடம் பொறுமையாக விசாரித்தால், பரிசோதனைக்குப் பின் சிகிச்சைக்குப் போகாமல் பல மாதம் பச்சிலைச் சாற்றைத் தடவிக்கொண்டு வீட்டிலேயே இருந்தது தெரியவரும்.

எடுத்த சதையை, அது அழுகாமல் காக்கும் பார்மலின் என்ற திரவம் ஊற்றிய புட்டியில்தான் போட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு மருத்துவமனை உங்கள் கரையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் சதைத் துண்டை வெறும் உப்புநீரில் போட்டுப் பேருந்தில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தனுப்பியது. மூடியைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது, சதை கூழாகியிருந்தது. மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியும் அந்த அம்மாள் வருவதற்கு 5 மாதமாயிற்று. அதற்குள் கழுத்தில் நெறி கட்டிவிட்டது. ஆகவே எந்தப் புட்டியில் போடுகிறார்கள் என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. முடிவு வந்ததும் அறிக்கையோடு, சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் அதிலிருந்து சீவி ஒட்டிய கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த மருத்துவமனையில் அவற்றைக் கேட்பார்கள்.

இனி அந்த 8,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஒரு பைசாவும் கட்டணம் இல்லை. குடும்ப அட்டை, ஆதார், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்கான சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு நீங்களே போகலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். தரகர் முதலில் உங்கள் அசல் ஆவணங்களை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வார். பிறகு தனக்குக் கமிஷன் தரும் மருத்துவமனைக்குத்தான் உங்களைக் கூட்டிப் போவார். சிகிச்சை எங்கே என்பதை அவர் முடிவு செய்ய விடாதீர்கள்.

வருமான வரம்புக்கு ஒரு விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்தாது என்றாலும், உங்கள் பக்கத்து ஊரான மண்டபத்தின் அகதி முகாமில் இதை வைத்தே ஏமாற்றுவதால் விரிவாகச் சொல்கிறேன். முகாமில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இத்திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. வரம்பே இல்லாதவர்களுக்கு வருமானச் சான்று எதற்கு? ஆனால் அந்தச் சான்றை வாங்கித் தருவதாகச் சொல்லி அவர்களிடமும் பணம் பறிக்கிறார்கள். முகாமில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

தரகர் பிழைப்பதற்கு வழி விட்டிருப்பது நம் அலுவலக நடைமுறைதான். பாசி எடுப்பது மாதத்தில் சில நாள்களே. அந்த நாள்களில் ஒன்றை வருமானச் சான்றின் கையெழுத்துக்கும் ஒன்றை அட்டைக்கான புகைப்படத்துக்கும் செலவழித்துவிட்டு, அலுவலர் வெளியூர் போயிருக்கிறார் என்ற பதிலோடு திரும்புகிறவர், அடுத்த முறை தரகரிடம்தான் போவார். நோயாளி வார்டில் படுத்திருக்கும்போதே அரசு இந்த விவரங்களைச் சரிபார்க்க முடியாதா என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

நோய் உறுதியானால், வாய்ப்புற்றுக்கு முதலில் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். கதிர்வீச்சும் தேவைப்பட்டு மதுரைக்கு அனுப்பினால், வாரத்துக்கு 5 நாள் வீதம் ஏறத்தாழ 6 வாரம் ஆகும். பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பக் கூடாது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கும் உண்டு. அதற்கான படிவத்தில் சிகிச்சை தரும் மருத்துவமனையில் கையொப்பம் வாங்க வேண்டும்.

அந்த ஆளிடம் குடும்ப அட்டையை ஏற்கெனவே கொடுத்திருந்தால், மருத்துவமனைக்குப் பேருந்து ஏறும் முன் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.