கேள்வி – பதில்: அரைப் பருவத்துக்குப் பின் போடும் கணக்கு

டாண்டினாங் வாசகர்: நான் கார்ல்டன் அணியின் ஆதரவாளன். ஆஸ்திரேலியக் கால்பந்துப் பருவம் பாதியைக் கடந்ததும் நண்பர்கள் எல்லோரும் போட்டி அட்டவணையை விரித்து, மீதமுள்ள ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நேராக வெற்றி, தோல்வி என்று குறித்து, அணி எந்த இடத்தில் முடிக்கும் என்று கூட்டிச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கார்ல்டனையே எடுத்துக்கொள்வோம், இந்தக் கணக்கு எப்படியெல்லாம் பொய்க்கும் என்பதற்கு அந்த அணியின் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளைப் போல நல்ல உதாரணம் கிடைக்காது. 2022-இல் முதல் 10 ஆட்டங்களில் 8 வெற்றி. அந்த வாரம் கணக்குப் போட்ட ஆதரவாளர் எவரும், மீதமுள்ள 12 ஆட்டங்களில் 4 வெற்றி மட்டுமே கிடைக்கும் என்று எழுதியிருக்க மாட்டார். நடந்தது அதுதான். தற்காப்பின் தூணாக இருந்த ஜேக்கப் வெய்டரிங் தோள் காயத்தால் சில வாரங்கள் வெளியே இருக்க நேர்ந்தது. நெருக்கமாக முடியும் ஆட்டங்கள் கைநழுவின. கடைசி இரண்டு சுற்றுகளில் மெல்பர்னிடம் 5 புள்ளியிலும் கோலிங்வுட்டிடம் ஒரே புள்ளியிலும் தோற்று, அணி 9வது இடத்தில் நின்றது. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஃபைனல்ஸ் ஆட்டங்களுக்கு அப்போது 8 அணிகளே செல்ல முடியும் என்பதால் பருவம் அத்துடன் முடிந்தது.

அடுத்த ஆண்டு கதை தலைகீழ். 2023 மே தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை தொடர்ந்து 6 தோல்விகள். 13 ஆட்டங்களில் 4 வெற்றி, 8 தோல்வி, ஒரு சமநிலை. புள்ளிப்பட்டியலில் 15வது இடம். பயிற்றுநர் மைக்கேல் வாஸை மாற்றவேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அதன்பின் கோல்ட் கோஸ்ட்டை 59 புள்ளி வித்தியாசத்தில் வென்று தொடங்கிய அணி, தொடர்ந்து 9 ஆட்டங்களை வென்று 5வது இடத்தில் முடித்தது. ஃபைனல்ஸில் சிட்னியை 6 புள்ளியிலும் மெல்பர்னை 2 புள்ளியிலும் வென்று, இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னால் பிரிஸ்பேனிடம் 16 புள்ளியில் தோற்றது.

இரண்டு ஆண்டுகளிலும் ஆதரவாளர்கள் செய்த தவறு ஒன்றே. அட்டவணையில் எதிரணியின் பெயரைப் பார்த்துக் கணித்தார்கள்; தங்கள் அணி அன்றைக்கு இருக்கும் நிலையிலேயே ஆகஸ்டு வரை இருக்கும் என்று, சொல்லாமலே, எடுத்துக்கொண்டார்கள். காயங்கள், ஆட்டமுறை மாற்றம், தன்னம்பிக்கை ஆகிய எதற்கும் அந்தத் தாளில் கட்டம் கிடையாது. 2023-இல் பந்தைப் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டிருப்பதை விட்டு நேராக முன்னே செலுத்தத் தொடங்கியது பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். முன்வரிசை ஆட்டக்காரர் ஹாரி மெக்கே காயத்தால் சில வாரங்கள் ஆடாதபோதும் வெற்றிகள் நிற்கவில்லை என்பதை அதற்குச் சான்றாகச் சொல்வேன்.

ஜீலாங் வாசகி: வெற்றி, தோல்வியைக் கூட்டுவது புரிகிறது. ஆனால் என் மகன் ‘சதவீதம் போதாது’ என்று எப்போதும் கவலைப்படுகிறான். அது என்ன?

புள்ளிப்பட்டியலில் வெற்றிக்கு 4 புள்ளி, சமநிலைக்கு 2 புள்ளி. பட்டியல் புள்ளிகள் சமமாக இருக்கும் அணிகளைப் பிரிப்பது சதவீதம்: அணி பருவம் முழுவதும் ஆட்டங்களில் எடுத்த புள்ளிகளை, எதிரணிகளுக்குக் கொடுத்த புள்ளிகளால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். கிரிக்கெட்டின் நிகர ஓட்ட விகிதத்துக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தம்பியின் குணம் வேறு. அங்கே ஒரு விகிதத்திலிருந்து இன்னொரு விகிதத்தைக் கழிக்கிறார்கள், இங்கே வகுக்கிறார்கள். ஆகவே 120க்கு 90 என்று வென்றால் அந்த ஆட்டத்தின் சதவீதம் 133. மழையில் 60க்கு 30 என்று வென்றால் 200. இரண்டும் 30 புள்ளி வெற்றிதான் என்றாலும், கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டும் அணிக்கே சதவீதம் சாதகம்.

உங்கள் மகனின் கவலை நியாயமானது. 2022-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸும் கார்ல்டனும் ஆளுக்கு 12 வெற்றியுடன் முடித்தன. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் புல்டாக்ஸ் உள்ளே சென்றது. ஒரு கோலுக்கு 6 புள்ளி, கோல் கம்பத்துக்கும் வெளிக்கம்பத்துக்கும் நடுவே போகும் ‘பிஹைண்ட்’டுக்கு ஒரு புள்ளி. கோலிங்வுட்டுடனான கடைசி ஆட்டத்தில் கார்ல்டனுக்கு இன்னும் ஒரே ஒரு பிஹைண்ட் கிடைத்திருந்தால் ஆட்டம் சமநிலை. சதவீதத்தின் தயவே இல்லாமல் 8வது இடம் கிடைத்திருக்கும். குறி தவறிய உதைக்குத்தான் பிஹைண்ட் கொடுக்கிறார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது.

சிட்னி வாசகர்: எத்தனை வெற்றி இருந்தால் ஃபைனல்ஸ் உறுதி?

12 அல்லது 13 என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2025-இல் புல்டாக்ஸ் 23 ஆட்டங்களில் 14 வெற்றி பெற்று, சதவீதம் 130-ஐத் தாண்டியும் 9வது இடத்தில் நின்றது. அந்த ஆண்டு கடைநிலை அணிகள் மிகவும் தளர்ந்திருந்ததால் மேலே இருந்தவர்கள் எல்லோரும் வெற்றிகளைக் குவித்துவிட்டார்கள். உங்கள் அணியின் வெற்றிகளை மட்டும் கூட்டிப் பயனில்லை. மற்ற 17 அணிகளின் கூட்டலும் அதே தாளில் இருக்கவேண்டும். 2026 முதல் 7 முதல் 10 வரையிலான இடங்களில் உள்ள அணிகள் ஃபைனல்ஸுக்கு முன் தங்களுக்குள் மோதும் சுற்று ஒன்றைச் சேர்த்திருப்பதால், ஆகஸ்டு வரை நம்பிக்கையோடு கணக்குப் போடுவோர் எண்ணிக்கை இனி கூடத்தான் செய்யும்.

பெர்த் வாசகர்: மெல்பர்ன்காரர்கள் கணிக்கும்போது எங்கள் பயணத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. சரிதானே?

சரிதான். உங்கள் ஊர் அணிகளான வெஸ்ட் கோஸ்ட்டும் ஃபிரிமேண்டிலும் ஏறக்குறைய ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் விமானத்தில் கிழக்கே வருகின்றன. குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் கடிகாரமும் மாறுகிறது. மெல்பர்ன் அணிகளில் சிலவோ பல வாரங்களுக்குத் தங்கள் படுக்கையிலேயே தூங்கி எழுந்து ஆடச் செல்லலாம். இதோடு அட்டவணையின் கோணலையும் சேர்த்துப் பாருங்கள்: 18 அணிகள், 23 ஆட்டங்கள். 17 எதிரணிகளையும் ஒருமுறை சந்தித்தபின், 6 அணிகளை மட்டும் இரண்டாம் முறை சந்திக்கவேண்டும். அந்த 6 அணிகள் எவை என்பது, முந்தைய ஆண்டுப் பட்டியலை மூன்றாகப் பிரித்துச் செய்யும் பங்கீட்டைப் பொறுத்தது. சென்ற ஆண்டு பலவீனமாக இருந்த அணி இந்த ஆண்டு வலுப்பெற்றிருந்தால் ‘எளிய அட்டவணை’ என்ற பேச்சு காற்றோடு போய்விடும்.

ஆனாலும் எல்லாப் பழியையும் விமானத்தின்மேல் போடாதீர்கள். 2024-இல் ஃபிரிமேண்டில் முதல் நான்கு இடங்களுக்குப் போட்டியிட்ட நிலையிலிருந்து கடைசி 4 ஆட்டங்களிலும் தோற்று 10வது இடத்தில் முடித்தது. அந்த நான்கில் சில உங்கள் ஊரிலேயே நடந்தவை.

பிரிஸ்பேன் வாசகர்: பருவத் தொடக்கத்தில் தொடர்ந்து தோற்ற அணிக்கு நம்பிக்கை வைப்பது மூடத்தனமா?

2017-இல் சிட்னி முதல் 6 ஆட்டங்களையும் தோற்று, அடுத்த 16-இல் 14 வென்று 6வதாக முடித்தது. 2024-இல் ஹாதோர்ன் முதல் 5 ஆட்டங்களைத் தோற்று 7வதாக வந்து ஃபைனல்ஸில் ஓர் ஆட்டத்தையும் வென்றது. அதே ஆண்டு உங்கள் ஊர் அணி முதல் 3 ஆட்டங்களைத் தோற்றுத் தொடங்கி, 5வது இடத்திலிருந்து கோப்பையைக் கைப்பற்றியது. இறுதிப் போட்டியில் சிட்னியை வென்ற வித்தியாசம் 60 புள்ளி. இந்தக் கேள்வியைப் பிரிஸ்பேனிலிருந்து ஒருவர் கேட்பதுதான் வியப்பு.

மீண்டும் டாண்டினாங் வாசகர்: 2023 ஜூனில் நீங்கள் போட்ட கணக்கு என்ன? மறைக்காமல் சொல்லுங்கள்.

தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்ததால் மேல்மூலை மங்கியிருக்கிறது. மீதமிருந்த 10 ஆட்டங்களில் 4 வெற்றி என்று எழுதி, சந்தேகமானவற்றைப் பின்னர் அழித்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதற்காகப் பென்சிலால் குறித்திருந்தேன். ஜூலையில் வந்த போர்ட் அடிலெய்டு ஆட்டத்துக்கு மட்டும் பேனாவை எடுத்து ‘தோல்வி’ என்று எழுதியிருக்கிறேன். தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்று வந்த அந்த அணியைத்தான் கார்ல்டன் 50 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.