மூடியில இருக்கிறது மெஷின் நம்பர் இல்லீங்க!

கேள்வி: வணக்கம் சார். எங்க தாத்தா கட்டிட்டிருந்த சாவி வாட்ச் ஒண்ணு பீரோவுல கிடைச்சுது. டயல்ல ஏதோ ஸ்விஸ் கம்பெனி பேர் போட்டு, கீழ 17 ஜூவல்ஸ்னு (அச்சு தேயாம இருக்க உள்ள வைக்கிற குட்டிக் கல்லுங்க) இருக்கு. கடையில காட்டினா பேலன்ஸ் ஸ்டாஃப் (உள்ள ஆடுற சக்கரத்தோட அச்சு) ஒடஞ்சிருக்கு, இந்தக் கம்பெனி பார்ட்ஸ்லாம் இப்ப வர்றதில்ல, வேற மெஷின் போட்டுத் தரேன்னு சொல்றார். பின்மூடியில அஞ்சு இலக்க நம்பர் இருக்கு, அத நெட்ல போட்டுத் தேடினா ஒண்ணும் வரல. உள்ள இருக்கிறது என்ன மெஷின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: முதல்ல ஒண்ணு, மெஷின மாத்த விடாதீங்க. தாத்தாவோட வாட்ச்னா அந்த மெஷினும் சேர்ந்துதான், அத எடுத்துட்டா வெறும் கூடுதான் மிஞ்சும். ஒடஞ்சது ஒரு ஸ்டாஃப், அது மாத்தக்கூடிய சாமான்.

மூடியில இருக்கிற நம்பர் அந்த கேஸுக்கு உண்டானது, மெஷினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டயல்ல இருக்கிற பேரும் பல நேரம் வாட்ச வித்த கம்பெனி பேர் மட்டும்தான். அந்தக் காலத்துல ஸ்விஸ்ல ஏகப்பட்ட கம்பெனிங்க சொந்தமா மெஷின் செய்யல, மெஷினுக்குன்னே இருந்த ஃபேக்டரிகள்ட்ட வாங்கி, தங்க பேர அடிச்சு, கேஸ்ல போட்டு வித்தாங்க. கிரென்ஷன் ஊர்ல 1896-ல ஆரம்பிச்ச ஏ.ஷில்ட், 1793-லேர்ந்தே இருந்த ஃபான்டென்மெலான், அப்புறம் ஈட்டா, யூனிடாஸ், பெஸோன்னு வரிசையா சொல்லலாம். அதனால டயல்ல இருக்கிற கம்பெனிய இழுத்து மூடி அம்பது வருஷம் ஆனாலும் கவலையில்ல, அதே மெஷின் வேற எத்தனையோ பேர்ல ஓடிட்டிருக்கும், பார்ட்ஸும் அங்கங்க கிடைக்கும்.

சரி, மெஷின் நம்பர் எங்க இருக்கும்னா, பேலன்ஸ் வீலுக்கு அடியில. மூடியத் தெறந்ததும் இங்கயும் அங்கயும் ஆடுற வளையம் இருக்கும் பாருங்க, அதுதான் பேலன்ஸ். அந்த வளையத்துக்குக் குறுக்கால இருக்கிற கைகளுக்கு நடுவுல, கீழ இருக்கிற தட்டுல, ஓரமா, குட்டியா ஒரு முத்திரை இருக்கும். ஏ.ஷில்ட்னா ஏஎஸ்னு ரெண்டு எழுத்து, ஈட்டான்னா அந்தப் பேர், பக்கத்துலயே மூணு நாலு இலக்கத்துல நம்பர். வெறும் கண்ணுக்குக் கோடு மாதிரிதான் தெரியும், ஐ கிளாஸ் (கண்ணுல வைக்கிற பூதக்கண்ணாடி) வச்சு, டார்ச்ச நேரா அடிக்காம பக்கத்துலேர்ந்து சாய்ச்சு அடிச்சீங்கன்னா எழுத்து நிழல் விழுந்து தெளிவாத் தெரியும். பேலன்ஸோட கை மறைச்சுதுன்னா வாட்ச லேசா திருப்பிப் பாருங்க, ஊசி வச்சு மட்டும் நகர்த்தாதீங்க, பேலன்ஸோட இருக்கிற முடி மாதிரி சுருள் கம்பி, அதாவது ஹேர்ஸ்பிரிங் நெளிஞ்சா அது ஸ்டாஃப விடப் பெரிய செலவு.

உங்க விஷயத்துல இன்னும் சுலபம். ஸ்டாஃப் மாத்தணும்னா பேலன்ஸ எப்படியும் கழட்டித்தான் ஆகணும், அப்ப அந்த இடம் மறைப்பே இல்லாம இருக்கும். மெக்கானிக்கிட்ட சொல்லி அந்த நேரத்துல செல்போன்ல கிட்ட வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

மெஷின் மேல 17 ஜூவல்ஸ், அன்அட்ஜஸ்டட் (துல்லியத்துக்குன்னு தனியா சரிசெய்யாதது), இன்காப்ளாக்னு பெருசா எழுதியிருக்கும், பலபேர் அதத்தான் மாடல்னு நினைச்சுத் தேடிட்டிருக்காங்க. இன்காப்ளாக்ங்கிறது கீழ விழுந்தா அதிர்ச்சி தாங்குற அமைப்பு, அவ்ளோதான். ஆனா அது உங்களுக்கு வேற விதத்துல முக்கியம், ஏன்னா ஒரே நம்பர் மெஷின் அந்த அமைப்போடயும் வந்திருக்கும் இல்லாமலும் வந்திருக்கும், ரெண்டுக்கும் பேலன்ஸ் ஸ்டாஃப் வேற வேற. பார்ட்ஸ் கேக்கும்போது நம்பரோட இதையும் சேர்த்துச் சொல்லணும், இல்லன்னா வந்த ஸ்டாஃப் உக்காராது.

சில மெஷின்ல முத்திரையே இருக்காது, இல்ல டயலுக்கு அடியில இருக்கும். அப்ப டயலக் கழட்டணும், அது வீட்டுல செய்ற வேலை இல்ல. டயலக் கழட்டினா சாவிய வெளிய இழுத்து முள் திருப்பும்போது கிளிக்னு பிடிச்சு நிக்குதுல்ல, அந்த வேலையச் செய்ற தகடு ஸ்பிரிங் தெரியும். அதோட வெட்டு மெஷினுக்கு மெஷின் மாறும், பழைய பார்ட்ஸ் கேட்டலாக்ல எல்லாம் அதப் படமாவே போட்டிருப்பாங்க. கூடவே மெஷினோட விட்டத்தையும் அளந்துக்கங்க. ஸ்விஸ்காரங்க லின்யேங்கிற அளவுல சொல்வாங்க, ஒரு லின்யே 2.256 மில்லிமீட்டர், அப்ப பத்தரை லின்யேன்னா கிட்டத்தட்ட 23.7. அந்த விட்டம், ஸ்பிரிங் வடிவம், செகண்ட் முள் நடுவுலயா தனியாவான்னு மூணும் கையில இருந்தா அனுபவமான ஆள் கண்டுபிடிச்சிடுவார்.

ஸ்டாஃப் தனியாக் கிடைக்கலன்னா அதே நம்பர் மெஷின் இருக்கிற, பேர் தெரியாத கம்பெனி வாட்ச் ஒண்ணப் பழசுல வாங்கி அதுலேர்ந்து எடுத்துப் போடச் சொல்லுங்க. பெரிய பிராண்ட் வாட்ச் விலைக்குப் போக வேண்டியதே இல்ல.

கேள்வி: ஆன்லைன்ல ஹெச்எம்டி ஜனதா ஒண்ணு வாங்கினேன், பச்சை டயல் பளபளன்னு இருக்கு. ஒரிஜினல் தானா சார்? (சேலம் வாசகி)

பதில்: டயல வச்சு முடிவு பண்ணாதீங்கம்மா. பழைய டயல்ல புதுசா பெயின்ட் அடிச்சு விக்கிறது நிறைய நடக்குது, பளபளப்பே சந்தேகத்துக்குக் காரணம். மூடியத் தெறக்கச் சொல்லி மெஷினப் பாருங்க. 1961-ல ஜப்பான் சிட்டிசனோட கூட்டு சேர்ந்துதான் ஹெச்எம்டி பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சுது, ஜனதாவுல இருக்கிற 0231 மெஷினும் அந்த வழியில வந்ததுதான், 17 ஜூவல். ஹெச்எம்டி பேரும் அந்த நம்பரும் இருந்தா மெஷின் சரி, நல்லா சர்வீஸ் பண்ணிக் கட்டிக்கலாம். பெயின்ட் அடிச்ச டயலுக்கு ஒரிஜினல் விலை கேட்டிருந்தா மட்டும் விக்கிறவர்ட்ட கேளுங்க.

கேள்வி: வாட்ச் செக் பண்ற ஆப்ல 18000-ஆ 21600-ஆன்னு கேக்குது, எத அழுத்தறது? (கோவை வாசகர்)

பதில்: அது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டிக்ங்கிற கணக்கு. 18000-னா செகண்டுக்கு அஞ்சு, 21600-னா ஆறு. வாட்ச மைக் பக்கத்துல வச்சு பத்து செகண்ட் ரெக்கார்ட் பண்ணி, வேகத்தக் குறைச்சுப் போட்டு எண்ணுங்க, அம்பது வந்தா 18000, அறுபது வந்தா 21600. பழைய சாவி வாட்ச்ல பெரும்பாலும் 18000 தான் வரும்.