ஊசி மூன்று மணி நேரம் தள்ளிப்போனால் சிகிச்சை வீணாகிவிடுமா?

கேள்வி: எனக்கு ஐவிஎஃப் சிகிச்சை நடக்கிறது. கருமுட்டை வளரும் ஊசியோடு, ஆறாம் நாளிலிருந்து செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. ஊசியும் தினமும் இரவு 8 மணிக்குப் போட்டுக்கொள்கிறேன். மூன்றாவது ஊசியை நேற்று மறந்துபோய் 11 மணிக்குத்தான் போட்டேன். போட்ட இடம் சிவந்து அரிக்கிறது. இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிவிடுமா? மருத்துவரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத் தாமதத்தால் முட்டைகள் கைவிட்டுப் போக வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஊசி என்ன செய்கிறது என்று தெரிந்தால் நேரத்தின் அருமை தானாகப் புரியும். சினைப்பைக்குள் முட்டைகளைத் தாங்கும் சிறு பைகள் ஓரளவு வளர்ந்ததும், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டும். அப்படிக் கொட்டினால் அந்தப் பைகள் வெடித்து, நாம் எடுப்பதற்கு முன்பே முட்டைகள் வெளியேறிவிடும். நீங்கள் போடும் செட்ரோரெலிக்ஸ், அதே வகையைச் சேர்ந்த கனிரெலிக்ஸ் இரண்டும் பிட்யூட்டரிக்கு மேலிருந்து வரும் கட்டளையை வழியிலேயே மறித்துவிடுகின்றன. போட்ட சில மணி நேரத்தில் வேலை தொடங்கிவிடும். நிறுத்திய சில நாட்களில் விளைவும் விலகிவிடும். அதனால் ‘ஹார்மோனைத் தடுக்கிறார்களே, மாதவிடாய் நிரந்தரமாக நின்றுவிடுமோ’ என்று பயப்பட வேண்டியதில்லை.

விளைவு சீக்கிரம் விலகும் என்பதால்தான் 24 மணி நேரக் கணக்கு. கனிரெலிக்ஸில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது வரையறை. உங்கள் இடைவெளி 27 மணி நேரம். இன்று பழையபடி 8 மணிக்கே போடலாம். 21 மணி நேரத்தில் போடுவதால் கெடுதல் இல்லை. விட்டதை ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்து மட்டும் போட வேண்டாம்.

சரி, சிவப்புக்கு வருவோம். போட்ட இடத்தில் லேசாகச் சிவப்பது, அரிப்பது, தடிப்பது எல்லாம் இந்த ஊசியில் அடிக்கடி பார்ப்பதுதான். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். சொறியாதீர்கள், அடுத்த ஊசியை வேறு இடத்தில் போடுங்கள். அதே அரிப்பு உடம்பெல்லாம் பரவினாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அது கடுமையான ஒவ்வாமை. அரிதுதான், ஆனால் முதல் ஊசியிலேயே வரலாம். அதனால்தான் முதல் ஊசியை மருத்துவமனையில் போட்டு அரை மணி நேரம் உட்காரவைக்கிறோம். இந்த அறிகுறிகள் தெரிந்தால் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் போடுகிறவர்கள் தடுமாறுவது மருந்தைக் கலக்கும்போதுதான். பெட்டி ஃபிரிட்ஜில் இருந்தால் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்; சில்லென்று போட்டால் எரிச்சல் கூடும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு, பெரிய ஊசியை மாட்டி, சிரிஞ்சில் இருக்கும் நீரை மருந்துத் தூள் இருக்கும் குப்பிக்குள் மெதுவாக இறக்குங்கள். அப்புறம் குப்பியைக் குலுக்கவே கூடாது. குலுக்கினால் நுரைக்கும், குமிழி ஏறும். விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்லச் சுழற்றினாலே தூள் கரைந்து தண்ணீர் போலத் தெளிந்துவிடும். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ அதைப் போடாதீர்கள். குப்பியைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுங்கள். அங்கே தங்கிவிடுவதும் உங்கள் மருந்துதான். பிறகு மெல்லிய ஊசிக்கு மாற்றி, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, தொப்புளிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி, அடிவயிற்றுத் தோலை மடித்துப் பிடித்துப் போடுங்கள். கலந்த உடனே போட்டுவிட வேண்டும். கருமுட்டை வளரும் ஊசியோடு ஒரே சிரிஞ்சில் சேர்க்காதீர்கள். இடமும் தனித்தனியாக இருக்கட்டும்.

சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை எதையாவது ஆரம்பத்தில் சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செட்ரோரெலிக்ஸ் கூடாது. வயிறு வேகமாக உப்பி வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எடை சட்டென்று ஏறி, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் கூப்பிடுங்கள். அது இந்த ஊசியால் வருவதல்ல, சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அடையாளம்.

இப்போது அந்தத் தயக்கம். திட்டு விழுமோ என்று பயந்து ஊசி தவறியதை மறைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அன்றே எல்எச் அளவைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். தேவைப்பட்டால், எடுப்பதற்கு முன் முட்டைகளை முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசியின் நேரத்தையே மாற்றியிருக்கலாம். ட்ரிக்கருக்குப் பிறகு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பதால், உங்கள் மருத்துவர் நாளையும் மணியையும் எண்ணித்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறார். அந்தக் கணக்கில் நேற்றைய 11 மணி அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இன்றே போன் செய்து, “நேற்று 8 மணிக்குப் பதில் 11 மணிக்குப் போட்டேன். இன்று எப்போது போடட்டும்? கடைசி ஊசி எந்த நாள்?” என்று கேளுங்கள். அவர் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ட்ரிக்கர் நாளில் இந்த ஊசி உண்டா இல்லையா என்பது காலையில் போடுகிறவர்களுக்கும் இரவில் போடுகிறவர்களுக்கும் மாறும். அதையும் கேட்டு, ஊசிப் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.