பழைய போட்டுக்குப் பழைய எஞ்சின்: பரலில் ஓடுவதை நம்பாதீர்கள்

கேள்வி: சுனாமிக்குப் பிறகு அப்பாவுக்குக் கிடைத்த 18 அடி ஃபைபர் போட் இருக்கிறது. எஞ்சின் முடிந்துவிட்டது. புதிது வாங்க வசதியில்லை. பழையதில் 15 குதிரை எடுப்பதா, 25 எடுப்பதா? எதைப் பார்த்து வாங்குவது?

எஞ்சினைத் தேடிப் போகமுதல் போட்டின் பின்பலகையைப் பாருங்கள். 15ஆ 25ஆ என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாக ஊற்றிக் கொடுத்த போட்டுகளில் நல்லதும் உண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்ல வைப்பதும் உண்டு. பின்பலகை என்பது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வைத்த மரம். எஞ்சின் பூட்டும் ஓட்டைகளால் இத்தனை வருசமும் உப்புத்தண்ணி உள்ளே இறங்கியிருக்கும். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் எங்கே அமுங்கிக் கேட்கிறதோ அங்கே மரம் உக்கிவிட்டது. பழைய எஞ்சின் இன்னும் பூட்டியிருந்தால் அதன் காலை, அதாவது தண்ணிக்குள் இறங்குகிற கீழ்ப்பகுதியை, பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் எஞ்சின் காசில் ஒரு பங்கு முதலில் அங்கே போகவேணும்.

15 குதிரை இரண்டு ஸ்ட்ரோக் அண்ணளவாக 36 கிலோ, 25 கிட்டத்தட்ட 50 கிலோ. பாரம் மட்டுமில்லை, தள்ளுகிற விசையும் அந்தப் பலகையில்தான் விழுகிறது. கரையிலிருந்து சில மைல் போய் வலை விட்டு வருகிற தொழில் என்றால் என்னைக் கேட்டால் 15 போதும். நாலு ஸ்ட்ரோக் எரிபொருள் குறையக் குடிக்கும், உண்மைதான். ஆனால் பாரம் கூட, பழுதானால் எங்கள் கரைகளில் கை வைக்கிற ஆட்களும் குறைவு. இரண்டு ஸ்ட்ரோக்கில் யமஹா எண்டியூரோ என்றால் செத்த எஞ்சின் ஒன்று ஒவ்வொரு வாடியிலும் கிடக்கும், கழற்றிப் போடலாம். எஞ்சின் பழையதாக இருக்கலாம். சாமான் கிடைக்காத எஞ்சின் இரும்புக்குத்தான் போகும்.

இனி என் கதை. பத்து வருசத்துக்கு முன் வடமராட்சியில் ஒருவரிடம் 15 குதிரை ஒன்று எடுத்தேன். பரலில் தண்ணி நிரப்பி ஓட்டிக் காட்டினார். ஒரே இழுவையில் பிடித்தது, சத்தம் தையல் மெசின் மாதிரி. புதுப் பெயின்ற். காசைக் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் கடலில் முக்கால் மணித்தியாலம் ஓடி நின்றது. கயிறு இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போயிற்று. ஆறவிட்டு இழுத்தால் பிடிக்கும், பத்து நிமிசத்தில் திரும்ப நிற்கும். பக்கத்து வாடிக்காரர்தான் கட்டி இழுத்து வந்தார். காரணம், பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கிற இக்னிஷன் கொயில் பழுது: சூடேறினால் நெருப்பு அடிக்காது, ஆறினால் அடிக்கும். பரலில் ஐந்து நிமிசம் ஓட்டினால் இது எப்படித் தெரியும்?

அதனால் இப்போது யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: கடலில் இறக்கி, ஆள் ஏற்றி, முக்கால் மணித்தியாலமாவது ஓட்டுங்கள். நிற்பாட்டி உடனே திரும்ப இழுங்கள். சூட்டில் பிடிக்கவேணும். முழு வேகத்தில் கியர் தானாகக் கழன்று பாய்கிறதா பாருங்கள். பல்லுத் தேய்ந்த கியர், பாரம் விழுந்தால்தான் கழரும்; பரலில் சமத்தாக இருக்கும். விற்கிறவர் கடலுக்கு விடமாட்டேன் என்றால் காரணம் கேட்கத் தேவையில்லை, வந்துவிடுங்கள்.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது சொல்லாமல் போவது நல்லது. போனதும் மூடியைத் திறந்து சிலிண்டர் தலையில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள். ஆறின எஞ்சின் எத்தனை இழுவையில் பிடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவேணும். பிடித்ததும் பின்னால் பீச்சுகிற தண்ணியைப் பாருங்கள். நூல் மாதிரி ஒழுகினால் எஞ்சினை ஆற்றத் தண்ணி ஏற்றுகிற இம்பெலர் தேய்ந்திருக்கலாம், அது மலிவு. உள்ளே உப்புக் கட்டிக் குழாய் அடைத்திருந்தால் அது வேறு கதை. தலை ஆணிகளில் பெயின்ற் உடைந்து சாவி பட்ட தடம் இருந்தால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். மேக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய்க் கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கிற அமுக்கம், பார்க்கச் செய்யுங்கள். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டவேணும். ஒன்று நன்றாகக் குறைந்திருந்தால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கும்.

கீழே கியர்ப் பெட்டியின் அடி ஆணியைக் கழற்றி எண்ணெயைக் கொஞ்சம் வடியவிடுங்கள். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணி உள்ளே போகிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம் எங்கள் தொழில்தான். தங்கூசி நூல் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றி, தண்ணி புகாமல் தடுக்கிற சீல் வளையத்தை அறுத்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றி அந்த இடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். சீல் மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் ஆணியின் நுனியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் கியரே போய்விட்டது.

மண்ணெண்ணெய் எஞ்சினா பெற்றோல் எஞ்சினா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். போர்க்காலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது மோட்டார்சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டின ஆட்கள் நாங்கள், பெற்றோல் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றத் தயங்கமாட்டோம். அப்படி ஓடினதில் பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து ஈரமாக இருக்கும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்தது பெற்றோலில் பிடித்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறும். கரைக்கு வரமுதல் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றவேணும், இல்லாவிட்டால் அடுத்த நாள் விடிய இழுத்துக் களைப்பீர்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரேயடியாக ஏறினதை மறந்திருக்கமாட்டீர்கள். 25 வேண்டாம் என்று நான் சொல்வதில் அந்தப் பயமும் இருக்கிறது.

அளவும் எடுங்கள். கால் 15 அங்குலத்திலும் உண்டு, 20 அங்குலத்திலும் உண்டு. பின்பலகையின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கால் கட்டையாக இருந்தால் அலையில் புரொப்பெல்லர் காற்றைத்தான் கடையும். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டு போட்டின் அடியோடு சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ வரவேணும்.

எஞ்சின் இலக்கம் சுரண்டியிருந்தாலோ கடதாசியில் உள்ளதோடு ஒத்துவராவிட்டாலோ எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். களவு எஞ்சினோடு நேவியிடமோ பொலிசிடமோ மாட்டினால் எஞ்சினும் போகும், தொழிலும் போகும்.

விலை பேச எங்கள் பக்கத்தில் நல்ல நேரம் வாடைக்கடல் எழும்பத் தொடங்குகிற ஐப்பசி, கார்த்திகை. தொழில் படுத்து, காசு தேவைப்படுகிறவர்கள் அப்போது விற்பார்கள். அந்தக் கடலில் ஓட்டிப் பார்க்கத்தான் கஷ்டம், கொஞ்சம் அடங்கின நாளாகப் பார்த்துப் போங்கள். வாங்கியதும் கேள்வி கேட்காமல் இம்பெலர், பிளக், கியர் எண்ணெய் மூன்றையும் மாற்றுங்கள். பழைய இம்பெலர் முழுசாக இருந்தால் எறியவேண்டாம், சாவிகளோடு போட்டில் கிடக்கட்டும். முதல் இரண்டு கிழமை கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தொழில் செய்யுங்கள். துடுப்பையும் எடுத்துப் போங்கள். நான் அன்றைக்கு எடுத்துப் போகவில்லை.